கீழ்ப்பாலத்துச் சீட்டுகள்

அக்டோபர் 11

தம்பிக்கு,

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் "கடையில ஆள் இருக்காங்கக்கா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க மாட்டாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். வைத்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை, அது ஒரு நிம்மதி.

உன் மாமாவுக்கு மறதி. சாவியை எங்கே வைத்தோம் என்கிற மறதி இல்லை. திரும்பி வராது, கூடிக்கொண்டேதான் போகும் என்று கோடையிலேயே டாக்டர் சொல்லிவிட்டார். நான்தான் உனக்குச் சொல்லவில்லை. நீ இருந்த கோபத்தில் நன்றாக வேண்டும் என்று நினைத்துவிடுவாயோ என்று பயம். இப்போது என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்.

தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் இத்தனை வருடம் குடுவை குடுவையாகச் சோதனை செய்தவர், இன்றைக்குக் குழாயைத் திறந்துவிட்டு அதை எப்படி மூடுவது என்று தெரியாமல் நிற்கிறார். என் பெயர் சில நாள் வருகிறது, சில நாள் வருவதில்லை. ஆனால் விடியும்போது எழுந்து தொலைநோக்கியைத் தோளில் மாட்டிக்கொள்ள மட்டும் மறப்பதில்லை. இலை உதிர ஆரம்பித்த நாளிலிருந்து தினமும் அணைக்கரைக்குப் போயாக வேண்டும். தனியே விட முடியுமா? தையல்கூடத்தில் காலை வேலையை விட்டுவிட்டு நானும் போகிறேன். எனக்கும் பறவைக்கும் எவ்வளவு தூரம் என்று உனக்குத் தெரியும். பறக்கிறது, மிதக்கிறது, அவ்வளவுதான் என் ஞானம்.

போவதில் கஷ்டமில்லை, திரும்புவதில்தான். வெயில் ஏறிய பிறகும் நகர மாட்டேன் என்கிறார். "மச்சான் இன்னும் கீழேருந்து வரலையே" என்கிறார். நீ இன்னும் பள்ளத்தாக்கில் அந்தக் கீழ்ப்பாலத்தில் நின்று பறவை எண்ணிக்கொண்டிருக்கிறாய் என்று நினைப்பு. அவர் மேலே அணைக்கரையில், நீ கீழே ஆற்றில், ஒருவர் வராமல் மற்றவர் வீட்டுக்குப் போவதில்லை என்று உங்களுக்குள் ஒரு சட்டமாமே. அந்தச் சட்டத்தில் இப்போது நான் மாட்டிக்கொண்டேன். கொக்கே காலை மாற்றிக்கொள்கிறது, இவர் ஒற்றைக்காலில் நிற்கிறார்.

நீ ஊரை விட்டுப் போய்விட்டாய் என்று ஒருநாள் உண்மையைச் சொன்னேன். "என்கிட்ட சொல்லாம போக மாட்டானே" என்று அழுதுவிட்டார். மறுநாள் அதே கேள்வி. அதே பதில், அதே அழுகை. அதோடு உண்மை சொல்வதை விட்டுவிட்டேன்.

ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை வா. பாலத்துப் பக்கமிருந்து படியேறி வந்து முகத்தைக் காட்டு, போதும். உங்கள் சண்டை அவர் நினைவில் இல்லை. அவருக்கு நீ இன்னும் குடுக்கைதான். பறவையைப் பார்ப்பதற்கு முன்பே பெயரைச் சொல்லிவிடுகிற அவசரக்குடுக்கை.

அக்கா


அக்டோபர் 22

அக்காவுக்கு,

கடிதத்தைப் பாதியில் வைக்கவில்லை. மாமாவைப் பற்றி வருத்தமாக இருக்கிறது. மற்றதை எழுதுவதற்கு முன் இதை எழுதிவிட வேண்டும் என்று எழுதுகிறேன். உண்மையும் அதுதான்.

ஆனால் வர முடியாது.

அவருக்கு மறந்துவிட்டது. அவருக்கு வசதி. எனக்கு மறக்கவில்லையே, நான் என்ன செய்ய? ஏதோ ஒரு பறவைக்காக இரண்டு ஆம்பிளைகள் முகம் திருப்பிக்கொண்டார்கள், உனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எது என்ன என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. இப்போதும் அதன் பெயரை எழுதப்போவதில்லை. அந்தப் பெயரைச் சொல்வதையே விட்டுவிட்டேன். அந்தக் குளிர்காலத்தில் கீழ்ப்பாலத்துக்குப் பக்கத்தில், நம் பள்ளத்தாக்கில் அதுவரை யாரும் பார்க்காத ஒன்றைப் பார்த்தேன். மூச்சிரைக்க மேலே ஓடி வந்து சொன்னேன். மாமா இறங்கி வருவதற்குள் அது போய்விட்டது.

பிறகு பறவைச் சங்கத்தின் வருடக் கூட்டம். நூலக மாடியில் நாற்காலி கொள்ளாத கூட்டம். அறிக்கையை வாசித்தவர் மாமா. ஆதாரம் இல்லாததால் என் பறவையைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டதாக வாசித்தார். சரி, நீக்கட்டும், சட்டம் அதுதான். அதோடு நிறுத்தியிருக்கலாம். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்துக்கொண்டே சொன்னார்: "எங்க மச்சான் ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுறார். அவருக்கு ஒண்ணு மாட்டிவிடத்தான் ஆள் இல்ல."

மாடியே சிரித்தது. நான் வில்லை தேய்த்துப் பிழைக்கிறவன் அக்கா. அடுத்த வாரம் கடைக்கு வந்த ஒருவர் புதுக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "நீங்க பாத்துதான் செஞ்சீங்களா?" என்று கேட்டார். விளையாட்டுக்குத்தான் கேட்டார். அந்த மாதமே வேறு ஊர்க் கிளைக்கு மாற்றம் கேட்டு வாங்கினேன்.

ஒருவன் கண்ணைச் சந்தேகப்படுவது வேறு, வாயைச் சந்தேகப்படுவது வேறு. அவர் இரண்டையும் செய்தார், அதுவும் கூட்டத்தில். படியேறி வந்து முகத்தைக் காட்டச் சொல்கிறாய். அந்த முகத்தைத்தான் அவர் அன்றைக்கு வாங்கி வைத்துக்கொண்டார்.

மருந்து ஒழுங்காகக் கொடு. நீயும் குளிரில் நிற்காதே.

தம்பி


நவம்பர் 4

தம்பிக்கு,

உன் மூக்கறுபட்ட கதையைப் படித்தேன். பாவம்தான். அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்து இதையே பெருமையாகச் சொன்னபோது நான் அவரை என்ன பேச்சுப் பேசினேன் என்று உனக்குத் தெரியாது. இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவே பயந்தார். "தமாஷுக்குத்தான் சொன்னேன், அவன் கோவிச்சுக்குவான்னு நினைக்கல" என்றார். "அதை அவன்கிட்ட போய்ச் சொல்லுங்க" என்றேன். போகவில்லை. அவர் வீம்பு அவருக்கு. நீங்கள் இரண்டு பேரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள். நடுவில் நான்தான் வேறு ஆள்.

போன வாரம் நடந்ததைக் கேள். அன்றைக்கு நல்ல குளிர், எனக்கு விரல் மரத்துவிட்டது. எப்படியாவது வீட்டுக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று ஒரு பொய் சொன்னேன். "மச்சான் போன் பண்ணினான். எண்ணி முடிச்சுட்டு அப்படியே பஸ் ஏறிட்டானாம்."

"எவ்வளவு எண்ணினானாம்?"

"நூறு."

"நூறு என்னது?"

"வாத்துதான்."

"என்ன வாத்து?"

"வாத்துன்னா வாத்துதாங்க. மிதக்குதே, அது."

கலங்கிய தண்ணீரைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். "அவன் அவசரக்காரன்தான், ஆனா இப்படிச் சொல்ற ஆள் இல்ல. அவனுக்கு ஏதோ ஆயிடுச்சு" என்று நேரே பள்ளத்தாக்குப் படியை நோக்கி நடந்தார். அந்தப் படியை நீ மறந்திருக்க மாட்டாய். பாசி பிடித்த கல், பாதி இடத்தில் கைப்பிடி இல்லை. அணைக் காவலரும் நானும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தோம். உதறினார். அவர் முழங்கை பட்டு என் உதடு கிழிந்தது. ரத்தத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். தன் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்து, "யாரு உங்களை இப்படி அடிச்சது?" என்று கேட்டார்.

எனக்கு வலிக்கவில்லை. 'உங்களை' என்றதுதான் தாங்கவில்லை. காவலர் அறைக்குப் பின்னால் போய் நின்று அழுதுவிட்டு வந்தேன்.

நீ வர வேண்டாம். நான் என்ன சொன்னால் அவர் வீட்டுக்கு வருவார், அதையாவது சொல். அந்த ஆற்றில் என்ன மிதக்கும், எத்தனை மிதக்கும்? உன் முகத்தைக் கேட்கவில்லை. கணக்கைத்தான் கேட்கிறேன்.

அக்கா


நவம்பர் 12

அக்கா,

உதடு ஆறிவிட்டதா? படித்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. இரண்டு வில்லையைத் தேய்த்துக் கெடுத்தேன்.

வாத்து என்றால் அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். விஷயம் இதுதான், நிதானமாகப் படி. இரவில் ஆற்றில் தூங்கும் வாத்துகள் பனிமூட்டம் விலகியதும் கிளம்பி மேலே அணை நீருக்குப் போகும். நான் கீழே எண்ணிய அதே கூட்டத்தை அவர் மேலே எண்ணிவிட்டால் ஒன்றே இரண்டாகிவிடும். அதனால் எந்தக் கூட்டம் எப்போது மேலே போனது என்று நான் ஒரு சீட்டில் எழுதி எடுத்து வருவேன். அவர் தன் கணக்கிலிருந்து அதைக் கழிப்பார். கழித்து முடித்தால்தான் அவருக்கு அன்றைய வேலை முடிந்தது. அவர் காத்திருப்பது எனக்காக இல்லை, அந்தக் கழித்தலுக்காக.

வில்லை வருகிற காகித உறைகளின் பின்பக்கத்தில்தான் எப்போதும் எழுதுவேன். இத்துடன் ஒரு கட்டு அனுப்பியிருக்கிறேன். எல்லாம் என் கையெழுத்து. ஓரத்தில் மூட்டம், தெளிவு, காற்று என்று போட்டிருக்கிறேன். அன்றைய வானத்தைப் பார்த்து எடு. மூட்டமான நாளில் தெளிவுச் சீட்டை நீட்டினால் பிடித்துவிடுவார். மறதி இருந்தாலும் அந்த இடத்தில் அவரை ஏமாற்ற முடியாது. எழுத்து அவருக்குச் சிறியதாகத் தெரிந்தால் நீயே வாசி. "பாலத்துலேருந்து சீட்டு குடுத்தனுப்பிட்டான்" என்று மட்டும் சொல்.

கிளுவை என்பது சின்ன வாத்து. ஊசிவால் என்றால் பெயரே சொல்லும். தட்டைவாயனுக்கு அலகு கரண்டி போல இருக்கும். நாமக்கோழி கருப்பு, நெற்றியில் வெள்ளை. இவ்வளவு தெரிந்தால் உனக்குப் போதும்.

வாழ்க்கையில் முதல் தடவையாகப் பொய்க் கணக்கு எழுதினேன். முதல் சீட்டுக்குக் கை கூசியது. நாலாவது சீட்டுக்குக் கூசவில்லை. மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு, இன்றைக்குக் காற்று, ஊசிவால் எல்லாம் கரையோரம் ஒதுங்கியிருக்கும், மீன்கொத்தி வந்திருக்காது என்று யோசித்து யோசித்து எழுதினேன். பள்ளத்தாக்கு முழுக்கக் கண்முன் வந்துவிட்டது.

தம்பி


நவம்பர் 27

தம்பிக்கு,

பலித்துவிட்டது. முதல் நாள் "மச்சான் சீட்டு குடுத்தனுப்பிட்டான்" என்று உறையை எடுத்ததும் அவர் முகம் மாறியதைப் பார்க்க வேண்டுமே. நான் வாசிக்க வாசிக்கத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். நடுவில் நிறுத்தி, "கிளுவை அவ்வளவு இருக்காது. கிளம்பும்போது ரெண்டு சுத்து சுத்தும். குடுக்கை ரெண்டு சுத்தையும் எண்ணியிருப்பான்" என்று சிரித்தார். பிறகு தொலைநோக்கிக்கு மூடி போட்டு, "வாங்க போலாம்" என்று நடந்தார். அவ்வளவுதான். இத்தனை நாள் அதற்காகவா மன்றாடினேன்!

எனக்கும் தட்டைவாயன் தெரிகிறது. பக்கத்தில் ஒருவர் நின்று பார்த்தால் சொல்லியும் காட்டுவேன்.

நல்ல செய்தி இதோடு சரி.

அவருக்கு நான் யார் என்று இப்போது அனேகமாகத் தெரிவதில்லை. சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த அம்மா என்று நினைக்கிறார். மிகவும் மரியாதையாக நடத்துகிறார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இவ்வளவு மரியாதையை நான் பார்த்ததில்லை. முந்தாநாள் இருட்டியதும் வாசலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்தம்மாவை யாராவது வீட்டுல கொண்டுபோய் விடுங்க, நேரமாச்சு" என்றார். வீட்டில் வேறு யாரும் இல்லை. யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. சங்கடப்படுகிறாரே என்று கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்தேன். எதிர்வீட்டுக்காரி பார்த்துவிட்டு, "என்ன, சாவி இல்லையா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மணியடித்துவிட்டு உள்ளே போனேன். "வந்துட்டியா, எங்க போன இவ்வளவு நேரம்?" என்று கோபித்துக்கொண்டார். அந்தக் கோபத்துக்காகத் தினமும் படியில் உட்காரலாம் போலிருந்தது. மறுநாள் அதுவும் பலிக்கவில்லை.

உன் பெயர் மட்டும் போகவில்லை. எல்லாவற்றையும் அழித்துக்கொண்டு வருகிற அந்த நோய் உன்னை மட்டும் தொடவில்லை. எனக்குப் பொறாமையாக இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

டாக்டர் அதற்கும் நாள் குறித்துவிட்டது போலப் பேசுகிறார். குளிர்காலம் முடிவதற்குள் அதுவும் போய்விடலாம் என்கிறார். உன்னை நீயாக யாரும் பார்க்கவில்லை என்றுதானே உன் மனக்குறை? இப்போது வா. பிறகு வந்து பிரயோஜனமில்லை. சீட்டும் தீரப்போகிறது.

அக்கா


டிசம்பர் 7

அக்கா,

வருகிறேன். ஜனவரி நடுவில், கடை ஓய்ந்ததும், நிச்சயம். வருடக் கடைசியில் இங்கே மூச்சுவிட நேரமில்லை. விடுப்புக் கேட்டால் முகத்தில் அடித்தாற்போலப் பதில் சொல்கிறார் மேலாளர். இது சாக்கு என்று நீ நினைப்பாய். பாதி சாக்குத்தான். மறுபாதி எனக்கே தெரியவில்லை. படியேறி வரும்போது அவர் என்னைப் பார்த்துச் சிரித்தால் நான் என்ன செய்வேன்? சண்டை போட்ட ஆள் அங்கே இல்லை. மன்னிப்புக் கேட்கிற ஆளும் இல்லை. யாரோடு சமாதானமாவது?

நீ மாடிப்படியில் உட்கார்ந்ததைப் படித்துவிட்டு அன்று சாப்பிடவில்லை. இதை எழுதுவதால் உனக்கு என்ன பயன்.

இங்கேயும் ஒரு கால்வாய் இருக்கிறது, கடைக்குப் போகும் வழியில். குளிர் வந்ததும் அதிலும் ஏதோ வந்து மிதக்கிறது. நான் தலையைத் திருப்புவதில்லை.

அவர் அந்தக் குளிர்காலத்தைப் பற்றி எப்போதாவது பேசுகிறாரா? நான் பார்த்ததைப் பற்றி, நீக்கியதைப் பற்றி, வாய்தவறியாவது ஒரு வார்த்தை? கேட்டுச் சொல். இல்லை, கேட்க வேண்டாம்.

புதிதாக ஒரு கட்டு அனுப்புகிறேன். ஜனவரி வரை வரும். மூட்டச் சீட்டுகளில் ஒன்றில் மட்டும் கடைசியில் ஒரு பறவை கூடுதலாக இருக்கும். அது எனக்கும் அவருக்கும் உள்ள ஒரு வேடிக்கை, நீ கண்டுகொள்ளாதே. மற்றதை வாசிப்பது போலவே வாசித்துவிடு. அவர் என்ன சொன்னார் என்று மட்டும் எனக்கு எழுது.

தம்பி


டிசம்பர் 30

தம்பிக்கு,

வந்தாய், அறை ஓரத்தில் நின்றாய், மாமாவின் இறுதிச் சடங்கு முடிந்ததும் மறுநாள் முதல் பஸ்ஸில் போய்விட்டாய். என் முகத்தை ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. நீ வருத்தத்தில் இருக்கிறாய் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு நீ பயத்தில் இருப்பது போலப் பட்டது.

வந்தவர்களுக்கு நான் சொன்னது ஒன்று. நடந்ததை உனக்கு மட்டும் சொல்கிறேன். மனதில் வைத்துக்கொள்ள முடியவில்லை.

அன்றைக்கு எதிரே கரை தெரியாத மூட்டம். அணை நீர் இருக்கும் இடமே தெரியவில்லை, சத்தம் மட்டும் வந்தது. மூட்டச் சீட்டு ஒன்றை எடுத்து வாசித்தேன். எப்போதும் போலத் தலையாட்டிக்கொண்டு வந்தவர் கடைசி வரியில் அசையாமல் நின்றுவிட்டார். "இன்னொரு தடவை வாசி" என்றார். வாசித்தேன். 'வாசிங்க' என்று சொல்லவில்லை தம்பி, 'வாசி' என்றார். சீட்டை என் கையிலிருந்து வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். வீட்டில் மட்டும் கூப்பிடும் பெயரை. நான் அதைக் கேட்டு எத்தனை மாதம் ஆகியிருந்தது தெரியுமா?

"நீ இங்கயே இரு. கீழே குடுக்கை ஒரு ஆளை மடக்கி வெச்சிருக்கான். ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்" என்றார். அபூர்வமான பறவையை 'ஆள்' என்றுதான் சொல்வார். குரல் பழைய குரல். நிமிர்ந்து நின்ற விதமும் பழைய விதம்.

நான் தடுத்திருக்க வேண்டும். காவலரைக் கூப்பிட்டிருக்க வேண்டும், கூடவே இறங்கியிருக்க வேண்டும். ஒன்றும் செய்யவில்லை. தொலைந்துபோன ஆள் திரும்பி வந்து எதிரே நிற்கிறார், என்னை யார் என்று தெரிகிறது, என்னிடம் சொல்லிவிட்டுப் போகிறார். அந்த நேரத்தில் போய் அவர் கையைப் பிடித்து இழுத்து மறுபடி நோயாளி ஆக்க எனக்கு மனம் வரவில்லை. "சீக்கிரம் வந்துடுங்க" என்றேன். கடைக்கு அனுப்புவது போலச் சொன்னேன்.

இருக்கச் சொன்னார், இருந்தேன். மூட்டம் விலகிய பிறகுதான் காவலரைக் கூப்பிட்டேன். நீரேற்று நிலையத்து ஆட்கள் பாதிப் படியில் கண்டுபிடித்தார்கள். இறங்கும்போது வழுக்கியிருக்கிறது, தலையில் அடி, அதன் மேல் குளிர் என்கிறார்கள். ஆக, அவரை நான்தான் அனுப்பினேன். இதை யார் எப்படிச் சமாதானம் சொன்னாலும் மாறாது. விழித்திருக்கும் நேரமெல்லாம் "சீக்கிரம் வந்துடுங்க" என்ற என் குரல்தான் கேட்கிறது.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அந்தக் கடைசி வரி என்ன? ஏதோ வேடிக்கை என்று எழுதியிருந்தாயே. சீட்டு அவர் சட்டைப்பையில் நனைந்து கூழாகிவிட்டதாம், மருத்துவமனையில் சொன்னார்கள். என் வாயால்தான் இரண்டு தடவை வாசித்தேன், எத்தனை யோசித்தும் பெயர் ஞாபகம் வரவில்லை.

அக்கா


ஜனவரி 6

அக்கா,

கருநாரை. 'கீழ்ப்பாலத்துக்கு மேற்கே, மணல் திட்டில், கருநாரை ஒன்று, நின்றுகொண்டிருக்கிறது.' அதுதான் அந்த வரி.

மாமா நீக்கிய பறவை அதுதான். நூலக மாடி சிரித்த பறவை.

உன் கடிதம் வந்ததும் பதில் எழுத உட்கார்ந்தேன். வேறு ஏதாவது பெயரை எழுதிவிடலாம் என்று ஒரு தாளை எடுத்து எழுதியும் விட்டேன். முக்குளிப்பான் என்று. நீ நம்பியிருப்பாய். அந்தத் தாளைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

நீ அனுப்பவில்லை அக்கா. நான்தான் அனுப்பினேன். எல்லாம் மறந்த ஆள், சீட்டில் இருப்பதற்கெல்லாம் தலையாட்டுகிற ஆள், இதற்கும் ஒரு தடவை தலையாட்டிவிடுவார் என்று நினைத்தேன். "அவர் சரின்னுட்டார்" என்று நீ எழுதுவாய், அதைப் படித்துவிட்டு நான் நிம்மதியாக ஜனவரியில் வரலாம். நல்ல நினைவோடு இருந்தபோது கிடைக்காததை நோயாளியிடம் திருடப் பார்த்தேன்.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. கருநாரை நிற்கிறது என்று யாராவது சீட்டு அனுப்பினால் பறவை பார்க்கிற எவனும் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியாதா? போட்டது போட்டபடி ஓடுவான். நானாக இருந்தாலும் ஓடுவேன். பறந்துபோனது என்று எழுதியிருக்கலாம். 'நின்றுகொண்டிருக்கிறது' என்று எழுதினேன். அவர் மறுபடி என்னிடம் ஓடி வர வேண்டும் என்று மனதில் எங்கேயோ ஆசை இருந்திருக்கிறது. பனி பிடித்த படியை நினைக்கவே இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் என் அவமானம்தான்.

அன்றைக்கு நான் பார்த்தேன் அக்கா. சிவந்த கால், சிவந்த அலகு, வெள்ளை வயிறு. பார்த்தேன் என்றுதான் இத்தனை வருடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது கண்ணை மூடினால் ஒரு சாம்பல் நாரை நிற்கிறது.

என்னை வாய்க்கு வந்தபடி திட்டி எழுது. திட்டாமல் விட்டுவிடாதே. கடையை விட்டுவிடுகிறேன், வந்து உன்னோடு இருக்கிறேன். வேலைக்காரனைப் போல இருக்கிறேன். வா என்று ஒரு வார்த்தை எழுது.

தம்பி


ஜனவரி 17

தம்பிக்கு,

படித்தேன். திட்டச் சொல்கிறாய். அதற்கும் தெம்பு வேண்டும், இல்லை. ஜனவரி நடுவில் வருவதாகச் சொன்னாயே, அந்த நாளும் வந்து போய்விட்டது. குத்திக்காட்டவில்லை. நாள்காட்டியைப் பார்த்தபோது தோன்றியது.

என்னோடு வந்து இருக்க வேண்டாம். வெறுப்பில் சொல்லவில்லை. நீ எழுதினாய், நான் வாசித்தேன். இரண்டு பேரும் ஒரு வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்து என்ன பேசுவது?

உனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. சொல்லாமல் விட்டுவிடலாமா என்று இத்தனை நாள் யோசித்தேன். நீ முக்குளிப்பானைக் கிழித்துப் போட்டதால் சொல்கிறேன்.

மருத்துவமனையில் அவர் உடுப்பையும் ஷூவையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். போன வாரம்தான் பிரித்தேன். ஷூவில் கயிறு கட்டுகிற இடம் வரைக்கும் சேறு. சாம்பல் நிறத்தில், மாவு போல வழவழப்பாக. படியில் பாசிதான் உண்டு, சேறு இல்லை. காவலரிடம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். "இது பாலத்துக்குக் கீழ மணல்திட்டுல இருக்கிற சேறும்மா. வேற எங்கயும் இல்ல" என்றார். விழுந்து கிடந்தபோது தலை மேல்படிப் பக்கமாக இருந்தது என்பதையும் அப்போதுதான் சொன்னார்.

அவர் இறங்கும்போது விழவில்லை. மணல்திட்டு வரைக்கும் போயிருக்கிறார், நின்றிருக்கிறார், திரும்பி ஏறி வந்துகொண்டிருந்திருக்கிறார்.

காவலர் இன்னும் ஏதோ சொல்லத் தயங்கினார். கேட்டேன். கீழேயிருந்து உன் மாமா சத்தம் போட்டுக் கூப்பிட்டது, படிப் பக்கத்து அறையில் இருந்த காவலருக்குக் கேட்டதாம்; தண்ணீர் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. "குடுக்கை, குடுக்கைன்னு கூப்பிட்டாரும்மா. தினம் கூப்பிடறதுதானேன்னு இருந்துட்டேன்" என்றார். அவர் கண்ணில் தண்ணீர்.

"சந்தோஷமா கூப்பிட்டாரா, கோவமா கூப்பிட்டாரா?" என்று கேட்டேன்.

"தெரியலைம்மா. மூட்டத்துல எல்லாம் ஒரே மாதிரிதான் கேக்குது" என்றார்.

இதற்கு மேல் எனக்குத் தெரியாது. ஷூவைக் கழுவி வெயிலில் வைத்திருக்கிறேன்.

அக்கா